மாப்பிள்ளை டயர்

நவலடிங்கிறது நான்தாங்க சார். வாங்க, உக்காருங்க. அய்யோ, அந்தச் சேர் வேணாங்க, அதுக்கு ஒரு காலு ஆட்டம். இந்த ஆபீஸ்ல எஃப்.சி. இல்லாத ஒரே வண்டி அதுதான். இதுல உக்காருங்க. முதலாளி சேருதான், பரவால்லீங்க. அவரு சம்பந்தி வூட்டுக் காதுகுத்துக்குப் போயிருக்காரு. வந்தாலும் உங்களை எந்திரிங்கன்னு சொல்ல மாட்டாரு. உங்க சோப்புக் கம்பெனி லோடுலதான் இந்த லாரி ஆபீஸே குளிக்குது.

டீ சொல்லட்டுங்களா? வேணாங்களா? சரி. நீங்க சேஃப்டி ஆபீசருன்னு சொல்றதுக்கு முன்னாடியே ஷூவைப் பாத்துக் கண்டுபிடிச்சுட்டேன் சார். முன்னாடி இரும்பு வச்ச ஷூ. எங்க ஆபீஸ்ல கால் மேல விழுற மாதிரி பேனாவைத் தவிர ஒண்ணும் கிடையாது, நிம்மதியா இருங்க.

டிரைவர் வரதண்ணன் விசயமாத்தானே வந்திருக்கீங்க? தெரியும். எப்படியும் யாராவது வருவாங்கன்னு தெரியும்.

மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன் சார், யாருக்கும் உயிர் போகல. நீங்க வேற ஒரு மாதிரி பாக்கறீங்க, அதுக்காகச் சொல்றேன். இளநீர்க் கடை அக்காவுக்குக் கை முறிஞ்சுது. வரதண்ணனுக்கு இடுப்பு. அவ்ளோதான். வண்டி படுத்துருச்சு, சோப்பு பூரா ரோட்டுல, அதுக்கு மேல மழை வேற. ரோடெல்லாம் நுரை. தொப்பூர் ரோடு பொறந்ததுலேர்ந்து அன்னிக்குத்தான் குளிச்சுதுன்னு நான் சொன்னேன், ஆபீஸே விழுந்து விழுந்து சிரிச்சுது.

சரி விடுங்க.

வரதண்ணன் பேரை அந்தக் கறுப்பு லிஸ்ட்ல ஏத்தறதா வேணாமான்னு நீங்கதான் முடிவு பண்றீங்களா சார்? 'தப்பு டிரைவர் மேல'ன்னு நீங்க ஒரு டிக் அடிச்சா, உங்க கேட்டுல மட்டும் இல்ல, அந்த லிஸ்டைப் பாக்கற எந்தக் கம்பெனி கேட்டுலயும் அவரை உள்ள விட மாட்டாங்களாமே. இடுப்பு சேர்ந்து எந்திரிச்சு வந்தாலும் வண்டி குடுக்க ஆள் இருக்காது. அந்த மனுசன் இருபது வயசுலேர்ந்து ஸ்டியரிங்கைத் தவிர வேற எதையும் பிடிச்சதில்ல சார். பீடி கூடப் பிடிக்க மாட்டாரு.

இல்லீங்க, நான் சும்மா சொன்னேன். நீங்க உங்க வேலையப் பாருங்க.

ரெக்கார்டு பாக்கணுமா? அதுதான் சார் நம்ம டிபார்ட்மெண்ட்டு. இந்தாங்க, வண்டி நம்பரைப் போட்டேன், ஸ்கிரீன்ல வந்துருச்சு. ஆர்.சி. பச்சை. இன்சூரன்ஸ் பச்சை. பெர்மிட் பச்சை. பொகை பச்சை. எஃப்.சி. பாருங்க, ஆக்சிடெண்டுக்கு முந்தின நாள்தான் புதுப்பிச்சது. பச்சைன்னா பச்சை, அப்படியே மசால் தோசைக்குத் தொட்டுக்கலாம். எஃப்.சி.ல எடுத்த போட்டோவும் இருக்கு. பின் டயரைப் பெருசு பண்ணிப் பாருங்க. கோடு கோடா எவ்ளோ அழகா இருக்கு பாருங்க. டயர் ஓரத்துல மஞ்சப் பெயிண்ட்டுல மூணு பொட்டு தெரியுதுங்களா? அது வந்து... அது சும்மா. கடைக்காரரு வச்ச அடையாளம்.

ரெக்கார்டு பாக்கறதுன்னா என்னன்னு நெனைக்கிறீங்க? லோடு வேணும்னு வர்ற ஒவ்வொரு வண்டிக்கும் நம்பரைப் போட்டு, டிரைவர் லைசென்ஸைப் பாத்து, எல்லாம் பச்சையா இருந்தா உங்க கம்பெனிக்கு 'க்ளியர்'னு ஒரு மெசேஜ் போடணும். நான் க்ளியர் போடாம ஒரு வண்டி இந்த வாசலைத் தாண்டாது. டிரைவருங்க எனக்குக் குட்டி ஆர்.டி.ஓ.ன்னு பேரு வச்சிருக்காங்க. ஒருத்தரு லைசென்ஸ்ல போட்டோவும் மூஞ்சியும் ஒத்துப் போகலேன்னு திருப்பி அனுப்பிட்டேன். "தம்பி, அது கல்யாணத்துக்கு முன்னாடி எடுத்ததுப்பா"ங்கிறாரு. அவ்ளோ கறார் சார் நானு.

படிச்சதுங்களா? ஆட்டோமொபைல் டிப்ளமோ. மூணு செமஸ்டரு. வண்டிக்கு நாலு சக்கரம்னு நான் கண்டுபிடிக்கிறதுக்குள்ள காலேஜுல அனுப்பி வச்சுட்டாங்க. வாய்தான் காரணம். லெக்சரர் ஒருத்தர் உராய்வுன்னா என்னன்னு கேட்டாரு. உங்களுக்கும் பிரின்சிபாலுக்கும் நடுவுல இருக்கறதுங்க சார்ன்னேன். கிளாஸே சிரிச்சுது. அவரு சிரிக்கல. அதுக்கப்பறம் செல்போன் கடை, கோழிப்பண்ணை, சித்தப்பாவோட பரோட்டாக் கடை. எங்கயும் ஒரு தீபாவளிக்கு மேல தாங்கல. இங்கதான் சார் நிலைச்சேன். இங்க என் வாய்க்கு மதிப்பு இருந்துச்சு.

டயருங்களா?

டயரைப் பத்தியா கேக்கறீங்க? ரெக்கார்டுல டயருக்குன்னு தனியாப் பச்சை கிடையாதுங்களே சார்.

ம்.

நீங்க மெட்ராஸ் பக்கமா? அதான். இந்த ஊரு பழக்கம் உங்களுக்குத் தெரிய நியாயமில்ல. சொல்றேன், எழுதாதீங்க. பேனாவை மட்டும் கொஞ்சம் மூடி வைங்க, எனக்குக் கூச்சமா இருக்கு.

வருசா வருசம் வண்டிய ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் கொண்டு போய், இது ரோட்டுல ஓடத் தகுதிதான்னு எஃப்.சி. வாங்கணும் இல்லீங்களா. அங்க இருக்கற இன்ஸ்பெக்டரு தங்கமான மனுசன். கைல ஒரு சுத்தி வச்சிருப்பாரு. தட்டிப் பாப்பாரு, குனிஞ்சு பாப்பாரு, வண்டிக்கு அடியில படுத்தே பாப்பாரு. டீ கூட வாங்கித் தர முடியாது அவருக்கு. தேஞ்ச டயரோட போனா நேராத் திருப்பி அனுப்பிருவாரு. அவரு மேல ஒரு குத்தமும் சொல்ல முடியாது. அவரு பாக்கற டயரு நெசமாவே நல்ல டயருதான்.

அது அந்த வண்டி டயரு இல்ல, அவ்ளோதான்.

குப்புராஜுன்னு ஒருத்தரு டயர்க்கடை வச்சிருக்காரு. அவருகிட்ட ஒரு செட்டு இருக்கு, அருமையான டயரு. எஃப்.சி.க்குப் போற அன்னிக்கு வாடகைக்குக் குடுப்பாரு. காலைல மாட்டி, இன்ஸ்பெக்டர்கிட்டக் காட்டி, போட்டோ எடுத்து, மத்தியானம் சோத்துக்குள்ள கழட்டி அடுத்த வண்டிக்குக் குடுத்துரணும். யாரும் மாத்திக் குடுத்து ஏமாத்தக் கூடாதுன்னுதான் அந்த மூணு மஞ்சப் பொட்டு. இந்தச் சுத்துவட்டாரத்துல எத்தனை வண்டி அந்த டயர்ல பாசாகியிருக்கும்னு அந்த டயருக்குத்தான் தெரியும். என்னைக் கேட்டா, ஆர்.டி.ஓ. அந்த டயருக்கு நேரா ஒரு சர்டிபிகேட் குடுத்துட்டுப் போயிரலாம்.

வண்டியக் கூட்டிட்டுப் போறது, டயரு மாட்டறது, கழட்டறது, இதுவும் நம்ம டிபார்ட்மெண்ட்டுதான். ரெக்கார்டுப் பையன் நான்தானே சார்.

ஒரு நா டயர்க்கடையில நாலஞ்சு ஓனருங்க நிக்கறாங்க. எல்லாருக்கும் அந்த செட்டு வேணும். ஒருத்தரு, "என்னய்யா இந்தப் பாழாப்போன பொழப்பு, இரவல் டயரை மாட்டி கவர்மெண்ட்டை ஏமாத்திக்கிட்டு"ன்னாரு. எல்லாருக்கும் மூஞ்சி தொங்கிருச்சு. எனக்கு அப்படித் தொங்கற மூஞ்சியப் பாத்துட்டுச் சும்மா இருக்க முடியாதுங்க சார், வியாதி. நான் சொன்னேன், "இரவல்னு சொல்லாதீங்கண்ணா, மாப்பிள்ளைன்னு சொல்லுங்க. பொண்ணு பாக்க வர்ற மாப்பிள்ளை. பளபளன்னு வருவாரு, மஞ்சப் பொட்டு வச்சிருப்பாரு, நாலு பேர் முன்னாடி உக்காருவாரு, பஜ்ஜி தின்னுட்டு 'ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்பறோம்'னு கிளம்பிருவாரு. அடுத்த நாள் வேற வூட்டுல பஜ்ஜி தின்பாரு!"

சிரிப்புன்னா சிரிப்பு. குப்புராஜு அண்ணன் பஞ்சர் பாக்கற தண்ணித் தொட்டியிலயே உக்காந்துட்டாரு.

அன்னியோட இரவல்ங்கிற வார்த்தை செத்துப் போச்சு சார் இந்த ஊருல. எல்லாரும் மாப்பிள்ளைதான். "மாப்பிள்ளை இன்னிக்கு எந்த வூட்டுல?" "மாப்பிள்ளை ராசிபுரம் போயிருக்காரு, சாயங்காலம்தான் வருவாரு." ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் பேரு பொண்ணு வூடு. அதுவும் நம்ம கைங்கரியம்தான். அதுக்கு முன்னாடி கொஞ்சம் தயங்கிட்டு இருந்தவங்க கூட அப்பறம் கூச்சமில்லாம கேக்க ஆரம்பிச்சாங்க. இரவல் டயரு வேணும்னு போன்ல சொல்ல நாக்கு கூசும் இல்லீங்களா. மாப்பிள்ளைய அனுப்புங்கன்னு சொல்றதுல என்ன இருக்கு?

நான் ஒண்ணும் பண்ணல சார். பேரு வச்சேன். அவ்ளோதான்.

வரதண்ணனுக்கு வர்றேன், வர்றேன். அவரு இந்த ஊருக்காரரு இல்ல. வெளாத்திகுளம் பக்கம். இங்க வந்து ஒரு மாசம் கூட ஆகல, வண்டி மாத்தி மாத்திக் குடுத்துட்டு இருந்தாங்க. அந்த வண்டி, ஆக்சிடெண்ட் ஆன அன்னிக்குத்தான் அவரு கைக்கு வருது. பேரு வரதராசு. வயசு அம்பதுக்கு மேல. வண்டில ஏறறதுக்கு முன்னாடி செருப்பைக் கழட்டிட்டு ஏறற ஆளு சார். நான் கூட, "என்னண்ணா, உள்ள கருவறை இருக்குதா"ன்னேன். "ஆமா தம்பி, உள்ள நாந்தான மூலவரு"ன்னாரு. டக்குன்னு. எனக்கு அப்படியே புடிச்சுப் போச்சு. இந்த ஆபீஸ்ல நான் சொன்னா சிரிக்கத்தான் ஆளு இருக்கு, திருப்பி அடிக்க ஆளு இல்ல. அவரு திருப்பி அடிப்பாரு. அவரு வந்தாலே எனக்கு ஒரு உற்சாகம், எதையாவது சொல்லணும்னு வாய் அரிக்கும்.

அதுதான் சார். அன்னிக்கும் வாய் அரிச்சுது.

அந்த வண்டிக்கு முன் டயரு ரெண்டும் பரவால்ல. பின்னாடி வெளி டயரு ரெண்டும் பட்டன் போட்டது. தேஞ்ச டயரு மேல புதுசா ரப்பரு ஒட்டுவாங்களே, அது. பாக்கறதுக்கு நல்லாத்தான் இருக்கும். உள் டயரு ரெண்டும்தான் எங்கப்பா தலை மாதிரி. ஓரத்துல மட்டும் கொஞ்சம் இருக்கும். ஆனா அது வெளிய நிக்கறவங்களுக்குத் தெரியாது. குனிஞ்சு, தலைய உள்ள விட்டு, டார்ச் அடிச்சுப் பாத்தாத்தான் தெரியும். மாப்பிள்ளைய மாட்டி எஃப்.சி. முடிச்சு, கழட்டி, பழசையே மாட்டி நிறுத்தி வச்சாச்சு. மாட்டினது நானும் டயர்க்கடைப் பையனும்தான். "அண்ணே, உள் டயரு நூலு தெரியுது"ன்னு அவன் சொன்னான். "நூலுதானே, பட்டமா விடப் போறோம்"ன்னேன். அவனும் சிரிச்சான்.

மறுநா காலைல லோடு. ஓசூருலேர்ந்து உங்க சோப்பை ஏத்திட்டு வரணும். அவரு வண்டியச் சுத்தி வந்தாரு. முன் டயரைத் தட்டிப் பாத்தாரு, வெளி டயரைத் தட்டிப் பாத்தாரு. அப்பறம் முட்டியப் புடிச்சுக்கிட்டு நின்னுட்டாரு. முட்டி வலி சார் அவருக்கு. இங்க, இதோ இந்த ஜன்னலுக்கு நேரா நின்னுதான் கேட்டாரு.

"தம்பி, முட்டி புடிச்சுக்கிட்டு, குனிய மாட்டேங்கு. உள் டயரு எப்படி இருக்குன்னு செத்த பாத்துச் சொல்லேன்."

நான் போன்ல இருந்தேன் சார். உங்க கம்பெனிக்குத்தான், அந்த வண்டிக்குத்தான், க்ளியர் மெசேஜ் அடிச்சுட்டு இருந்தேன். தலையத் தூக்காமயே சொன்னேன்.

"மாப்பிள்ளை டயர்ல எஃப்.சி. ஆன வண்டிண்ணா அது!"

அவரு சிரிச்சாரு சார். சத்தமாச் சிரிச்சாரு. "மாப்பிள்ளையா! அப்பம் நோவாமத்தான் ஓட்டணும்"னாரு. பின் சக்கரத்து மேல இருக்கற மட்காடுல ரெண்டு தட்டுத் தட்டினாரு, தோள்ல தட்டற மாதிரி. செருப்பைக் கழட்டிட்டு ஏறினாரு. போயிட்டாரு.

நான் சொல்லிட்டேன் இல்லீங்களா? மறைக்கல. மாப்பிள்ளை டயர்னா என்ன அர்த்தம்னு இந்த ஊருல டீக்கடைல கிளாஸ் கழுவறவங்களுக்குக் கூடத் தெரியும். இரவல் டயருல பாசான வண்டின்னு அர்த்தம். அப்ப இப்ப என்ன டயரு இருக்கும்? பழசுதான் இருக்கும். நேராச் சொல்றதை விட நான் நல்லாவே சொல்லியிருக்கேன். அவரும் சிரிச்சாரு. சிரிச்சாருன்னா புரிஞ்சுதுன்னுதானே சார் அர்த்தம்? புரியாம யாராவது சிரிப்பாங்களா? அதுவும் பதிலுக்கு ஒரு ஜோக்கு சொல்லிட்டுப் போறாரு.

வெளாத்திகுளம்னா என்ன சார், அங்கயும் தமிழ்தானே.

ஆமாங்க. அந்த நிமிசம் எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு, இல்லேங்கல. அவரு தட்டின தட்டு ஒரு மாதிரி இருந்துச்சு. கூப்புட்டு, அண்ணா, நான் என்ன சொன்னேன்னா, அப்படின்னு வாயத் தொறக்கலாம்னு பாத்தேன். ஆனா ஜோக்கை விளக்கிச் சொன்னா ஜோக்கு செத்துரும் சார். நல்லா விழுந்த ஜோக்கு அது. அந்த மாதிரி ஒரு ஆளு சிரிச்சுட்டுப் போறப்ப பின்னாடியே ஓடிப் போய் அர்த்தம் சொல்லிட்டு இருக்க முடியுமா?

அதுக்குள்ள வண்டியும் ரோட்டுல ஏறிருச்சு.

திரும்பி வர்றப்பதான். தொப்பூர் எறக்கம், மழை புடிச்சிருக்கு. உள் டயரு வெடிச்சுது, வண்டி இழுத்துக்கிட்டுப் போயி இளநீர்க் கடைல சாஞ்சுது. கேபின் நசுங்கினதுல அவரு இடுப்பு மாட்டிக்கிச்சு. போன் வந்தப்ப நான் இதே இடத்துலதான் உக்காந்திருந்தேன். முதலாளி மொதல்ல என்ன கேட்டாரு தெரியுமா? "எஃப்.சி. இருக்குதில்ல?" இருக்குதுங்கன்னேன். "அப்பச் சரி"ன்னாரு.

டயரைக் காட்டுங்கன்னு கேக்கறீங்க. அதுதான் சார் கூத்து. படுத்துக் கெடந்த வண்டில இருந்து மறுநாள் காலைல பின் டயரு மட்டும் எல்லாம் காணோம். வெடிச்சதோட துண்டு கூட இல்ல. திருட்டுன்னு முதலாளி புகாரு குடுத்திருக்காரு. சோப்பு கெடக்குது, பேட்டரி கெடக்குது, டீசல் கெடக்குது, அதையெல்லாம் விட்டுட்டு வழுக்கை டயரை எவன் சார் திருடுவான்? நான் அதையும் ஜோக்காத்தான் கேட்டேன். முதலாளி என்னைய ஒரு பார்வை பாத்தாரு. அதுலேர்ந்து அவரு என்னைய 'டேய்'ங்கறதில்ல. 'தம்பி'ங்கறாரு. இவ்ளோ நாள் டேய்னு கூப்புட்டவரு சார்.

ரெக்கார்டு மட்டும் காட்டு, வேற ஒண்ணும் பேசாதேன்னு சொல்லிட்டுப் போனாரு. நான் ரெக்கார்டு மட்டும்தான் சார் காட்டிட்டு இருக்கேன். இவ்ளோ பச்சையான ரெக்கார்டு. வண்டி மேல தப்பில்லன்னா மிச்சம் இருக்கறது யாரு? டிரைவருதானே. இது வேடிக்கையா இல்லீங்களா? ரெக்கார்டு கொஞ்சம் அழுக்கா இருந்திருந்தா அவரு தப்பிச்சிருப்பாரு. நான்தான் நல்லா வெளக்கி வச்சிருக்கேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகாம இருப்பேனா? போனேன். பிஸ்கெட்டு, ஆப்பிளு எல்லாம் வாங்கிட்டுப் போனேன். வார்டு வாசல்ல அவங்க சம்சாரம் உக்காந்திருந்தாங்க, மாரித்தாய்னு பேரு. என்னையப் பாத்தே கண்டுபிடிச்சுட்டாங்க. "ஆபீசுத் தம்பி நவலடியா? ஒல்லியா இருக்கும், வாய் நிக்காதுன்னு சொன்னாக"ன்னாங்க. நான் வாயத் தொறக்கவே இல்ல சார், அப்பவும்.

"உங்களப் பத்தித்தான் தம்பி பேசிக்கிட்டே கெடக்காக. மாப்பிள்ளைன்னு என்னமோ தமாசு பண்ணியளாமே. நர்சம்மாகிட்ட, பக்கத்துக் கட்டில்காரருகிட்ட, எல்லாருகிட்டயும் அதச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பு. சிரிச்சா இடுப்பு வலிக்கு, அப்பமும் சிரிப்பு. உள்ள வாங்க தம்பி, உங்களப் பாத்தா சந்தோசப்படுவாக."

பாத்தீங்களா சார்? ஆஸ்பத்திரில படுத்துக்கிட்டும் சிரிக்கறாரு. புரியாமயா சிரிப்பாரு?

உள்ள போகலீங்க. பாக்கற நேரம் முடிஞ்சிருச்சு.

முடியல சார். இன்னும் நேரம் இருந்துச்சு. ஆப்பிளை மாரித்தாய் அக்கா கைல குடுத்துட்டு, பஸ்ஸு போயிரும்னு சொல்லிட்டு வந்துட்டேன். அக்கா என் கைல ஒரு ஆப்பிளைத் திருப்பிக் குடுத்து, வழிக்கு வச்சுக்கங்கன்னாங்க. பஸ்ல அதை என்ன பண்றதுன்னே தெரியல. திங்கவும் முடியல, போடவும் முடியல. எறங்கறப்ப கண்டக்டருகிட்டக் குடுத்தேன். டிக்கெட்டுக்கா தம்பின்னு அவரு ஜோக்கடிக்கிறாரு. நான் சிரிக்கல சார். அந்த ஆளுக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு.

நீங்க நேத்து ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா? பேசினீங்களா அவருகிட்ட? அப்படியா. என் பேரை அவருதான் சொன்னாரா? திட்டியிருப்பாரு. திட்டலாம் சார், உரிமை இருக்கு. என்ன சொன்னாரு? நெசமாத்தான் கேக்கறேன், சொல்லுங்க.

என்னது?

இன்னொரு தடவை சொல்லுங்க.

'டயரெல்லாம் புதுசு சார், ஆபீசுத் தம்பி குனிஞ்சு பாத்துச் சொல்லுச்சு, தப்பு என் கைலதான் இருந்திருக்கும்.'

குனிஞ்சு பாத்துன்னா சொன்னாரு?

குனிஞ்சு பாத்துச் சொல்லுச்சுன்னா?

தண்ணி குடிக்கறீங்களா சார். நான் குடிச்சுக்கறேன்.

நான் குனியாததை அவரு பாத்திருக்க முடியாது. அந்தப் பக்கம் திரும்பி முட்டியத் தேச்சுக்கிட்டு நின்னாரு. என் சத்தம் கேட்டதும், நான் குனிஞ்சு பாத்துட்டுத்தான் சொல்றேன்னு நெனச்சிருப்பாரு. கேட்டா செய்வான்னு நெனச்சிருப்பாரு. நான் இந்தச் சேரை விட்டு எந்திரிக்கவே இல்ல சார். இந்த ஜன்னலுக்கும் அந்த டயருக்கும் எவ்ளோ தூரம் இருக்கும்? நீங்களே எட்டிப் பாருங்க. இன்னிக்கும் அதே எடத்துலதான் ஒரு வண்டி நிக்குது.

புதுசுன்னு நான் சொல்லவே இல்ல சார். சத்தியமா சொல்லல. நான் மாப்பிள்ளைன்னுதான் சொன்னேன். அவங்க ஊருல மாப்பிள்ளைன்னா... அவங்க ஊருல என்ன, எந்த ஊருலயும்தான். மாப்பிள்ளைன்னா புதுசு, ராஜ மரியாதை. எங்க ஊருல மட்டும்தான் வேற. அதுவும் நான் வச்சதாலதான் வேற.

இருங்க சார். ஹாரன் சத்தம். முதலாளி கார்தான் அது. காதுகுத்துல சாப்புட்டுட்டு வர்றாரு. நீங்க உள்ள இருக்கறது அவருக்குத் தெரியாது. என்ன சொல்றாருன்னு கேளுங்க, வண்டிய விட்டு எறங்கறதுக்கு முன்னாடியே கத்துவாரு.

"தம்பி! நவலடித் தம்பி! மாப்பிள்ளை இன்னுமா கிளம்பல? பொண்ணு வூட்டுல மத்தியானத்துக்குள்ள வரச் சொல்லிட்டாங்கப்பா! பஜ்ஜி ஆறிரும்!"

கேட்டீங்களா?

வெளிய நிக்கற வண்டியத்தான் சொல்றாரு. காலைலதான் அந்த செட்டை மாட்டினோம். பஜ்ஜி ஆறிரும்ங்கறது முதலாளியே சேத்தது, நான் சொல்லிக் குடுக்கல. இதுக்கு எல்லாரும் சிரிப்பாங்க சார். இந்த வாசல்ல நின்னு இதைக் கேட்டுச் சிரிக்காத ஆளை நான் பாத்ததே இல்ல.

நீங்க சிரிக்கல.

நான் இவ்ளோ நேரம் சொன்னதை முழுசாக் கேட்ட ஆளு நீங்க ஒருத்தர்தான். என்ன அர்த்தம்னு முழுசாத் தெரிஞ்ச ஆளு. நீங்க சிரிக்கல சார்.

எந்திரிங்க. வாங்க வெளிய. அந்த போட்டோவை உங்க போனுக்கு அனுப்பிட்டேன், தெறந்து வச்சுக்கங்க. மூணு மஞ்சப் பொட்டு. இந்த வண்டில இருக்கறதோட ஒத்துப் பாத்துரலாம், இப்ப விட்டா அப்பறம் கழட்டிருவாங்க. முதலாளி கேட்டா நான் சொல்லிக்கறேன். பேனாவைத் தெறந்துக்கங்க, நான் சொல்லச் சொல்ல எழுதுங்க. மாப்பிள்ளைன்னு எழுதாதீங்க. இரவல்னு எழுதுங்க.

நீங்க நில்லுங்க, ஷூ சேறாயிரும். நான் குனியறேன். டார்ச் என் போன்ல இருக்குது.

சார். ஒரு நிமிசம்.

வரதண்ணன் நல்லா சிரிச்சாருங்க சார்.